பரம்பரைப் புற்றுநோய்: கணினி சொல்வதும் நாம் மறைப்பதும்

போன தடவை பழைய எத்தா சிவீல் பதிவேடுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று நண்பர்கள் போன் செய்தார்கள். அதே மாதிரி பழைய கதைகளையே எழுதுங்கள் என்றார்கள். இந்தத் தடவை கொஞ்சம் வேறு விஷயம். புற்றுநோயும் கணினியும். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள், வேலை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் புற்றுநோய் என்ற வார்த்தையை உரக்கச் சொன்னதில்லை. "அந்த வியாதி" என்போம். இல்லாவிட்டால் "வயிற்றில் கட்டி", "உள்ளுக்குள் புண்" என்போம். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரமாக இருந்தால் அதையும் சொல்லமாட்டோம். குடும்பத்தில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதைப் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துவது பெரியவர்களின் கடமை. கல்யாணம் நின்றுபோகும் என்று மறைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

யாரும் பயந்துவிட வேண்டாம். புற்றுநோயில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதல்ல. மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பழுதால் வருகிறது. அத்தைக்கு எண்பது வயதில் வந்தது என்பதற்காக வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் ஐம்பது வயதுக்குள், மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால் அது வேறு கதை.

அந்த வேறு கதையை முதலில் கணக்காக எழுதி வைத்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா. மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடித்தவர் என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நமக்கு அவர் பெயர் தெரியும். கட்டிகளைப் பற்றி 1866-இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு குடும்பத்தில் பல தலைமுறைகளாகப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்ததைப் பட்டியல் போட்டுக் காட்டினார். அது அவர் மனைவியின் குடும்பம். மரபணு என்ற சொல்லே அப்போது கிடையாது. நுண்ணோக்கி பெரிதாக உதவவில்லை. யார், எப்போது, எதனால் இறந்தார் என்ற விவரம்தான் உதவியது. பதிவேடு ஒழுங்காக இருந்தால் என்னென்ன தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியது. 1990-இல் அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற அம்மையார், இளவயதில் மார்பகப் புற்றுநோய் வருகிற குடும்பங்களை வைத்தே, பழுது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். ஒரு மரபணுவால் இந்த நோய் வரும் என்பதை அதுவரை பலர் நம்பவில்லை. 1994-இல் அந்த மரபணு கைக்குக் கிடைத்தது, பிராக்கா 1 என்று பெயர். அடுத்த வருடம் பிராக்கா 2. கண்டுபிடித்த அமெரிக்க நிறுவனம் மரபணுவுக்கே காப்புரிமை வாங்கிக்கொண்டு, பரிசோதனையைத் தன்னைத் தவிர யாரும் செய்யக்கூடாது என்றது. ஐரோப்பாவில் இதை எதிர்த்து முதலில் கிளம்பியவர்களில் பாரிசின் கியூரி நிலையமும் ஒன்று. அமெரிக்காவில் 2013 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், இயற்கையில் இருக்கிற மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பீரோவைத் திறந்து பார்த்தவன் பீரோவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட முடியாது.

இனி இந்த மரபணு என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். கணினி நுழைவது இங்கேதான்.

மரபணு என்பது புரதம் செய்வதற்கான எழுத்துக் குறிப்பு. அப்படிப்பட்ட குறிப்புகள் நம் உடம்பில் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. வேலையைச் செய்வது புரதங்கள். ஆனால் எந்தப் புரதமும் தனியாக உட்கார்ந்து வேலை செய்வதில்லை. கடற்கரைச் சாலையில் நம் தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். தபால் பிரிவில் எண் போடுவார்கள், எழுத்தர் குறிப்பு எழுதுவார், சூப்பரண்டெண்ட் திருத்துவார், பிறகு அது மேலே போகும். நடுவில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் கோப்பு நின்றுவிடும், அல்லது யாரோ ஒருவர் சுற்றுவழியில் அதை நகர்த்துவார்.

உயிரணுவில் டி.என்.ஏ. இழை இரண்டு பக்கமும் அறுந்துபோனால் நடப்பது இதுதான். ஏ.டி.எம். என்ற புரதம் (பணம் எடுக்கிற ஏ.டி.எம். அல்ல) மணி அடிக்கிறது. செக் 2 என்பது அந்தச் செய்தியைப் பிறருக்குத் தெரிவிக்கிறது. பிராக்கா 1 தன் இணைபிரியாக் கூட்டாளியான பார்டு 1 என்ற புரதத்தோடு அந்த இடத்துக்கு வருகிறது. பால்பி 2 என்ற ஒருவர் நடுவில் நின்று பிராக்கா 1-இன் ஒரு கையையும் பிராக்கா 2-இன் ஒரு கையையும் பிடித்துக்கொள்கிறார். பிராக்கா 2 மிகப் பெரிய புரதம், 3,418 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் முக்கிய வேலை ராட் 51 என்ற சிறிய புரதங்களைக் கூட்டி வந்து அறுந்த இழையின்மேல் வரிசையாக உட்கார வைப்பது. வரிசை சரியாக அமைந்தபின் பக்கத்திலுள்ள நல்ல பிரதியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் நகல் எடுத்துச் சரிசெய்கிறார்கள். அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்ட நகல் மாதிரி.

நமக்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பிராக்கா பழுதோடு பிறந்தவருக்கு ஒரு பிரதிதான் நல்லது. அது ஒன்றே பல வருடங்கள் வேலையை ஓட்டிவிடும். மார்பகத்திலோ சினைப்பையிலோ ஏதோ ஓர் உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால் அங்கே அறுந்தவை சரியாக ஒட்டப்படாமல் பிழைமேல் பிழை சேரும். பிராக்கா 1 பழுதுள்ள பெண்களில் நூற்றுக்கு 72 பேருக்கும், பிராக்கா 2 பழுதுள்ளவர்களில் 69 பேருக்கும் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. சினைப்பைப் புற்றுநோய் முதல் வகையில் 44 பேருக்கு, இரண்டாவதில் 17 பேருக்கு.

இப்போது ஒரு கேள்வி. இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் பிராக்கா இரண்டையும் படித்துப் பார்க்கிறார்கள், பழுதே இல்லை. அப்படியானால் பழுது எங்கே? இருபதாயிரத்தில் எதைத் தேடுவது?

விஞ்ஞானிகள் செய்தது, ஓர் அலுவலகத்தில் முறைகேட்டை விசாரிக்க வந்த அதிகாரி செய்வதைத்தான். தெரிந்த ஆள் யாரோடெல்லாம் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று பார்ப்பது. மேலே சொன்ன பால்பி 2 அப்படித்தான் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிராக்கா 2-ஐப் பிடித்து வெளியே எடுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆள் அது. அடுத்த வருடமே, பால்பி 2-இல் பழுது இருந்தாலும் மார்பகப் புற்றுநோய் குடும்பத்தில் தொடர்கிறது என்று தெரிந்தது.

அதே 2007-இல் இதையே பெரிய அளவில் கணினியில் செய்து பார்த்தார்கள். தெரிந்த நான்கு மரபணுக்களோடு தொடங்கினார்கள்: பிராக்கா 1, பிராக்கா 2, ஏ.டி.எம்., செக் 2. எந்த மரபணு எப்போது எதோடு சேர்ந்து விழித்து வேலை செய்கிறது, எந்தப் புரதம் எதைத் தொடுகிறது, ஈஸ்டிலும் புழுவிலும் அவற்றின் உறவினர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பல இடத்துத் தகவல்களைச் சேர்த்து ஒரு வலைப்படம் வரைந்தார்கள். 118 மரபணுக்கள், அவற்றுக்கிடையே 866 தொடர்புகள். அந்தப் படத்தில் எச்.எம்.எம்.ஆர். என்று ஒருவர். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களைப் பங்குபோட உதவுகிற அமைப்பில் இருப்பவர். சோதனைக்கூடத்தில் பார்த்தபோது அவருக்கும் பிராக்கா 1-க்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தது. காகிதத்தில் கோடு போட்டு ஆளைப் பிடித்தார்கள் என்றே சொல்லலாம்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இங்கிருந்து சென்னைக்கு ஈ.சி.ஆர். வழியாகவும் போகலாம், திண்டிவனம் வழியாகவும் போகலாம். ஈ.சி.ஆரில் மரம் விழுந்து அடைத்துவிட்டால் திண்டிவனம் வழியாகப் போவோம். அதையும் யாராவது அடைத்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிராக்கா கெட்டுப்போன புற்றுநோய் உயிரணுவுக்கு ஒரு வழி ஏற்கனவே அடைபட்டிருக்கிறது. அது வேறு வழியில் பிழைப்பை ஓட்டுகிறது, அந்த வழிக்குப் பார்ப் என்ற புரதம் தேவை. பார்ப்பை மருந்து கொடுத்து நிறுத்தினால் இரண்டு வழியும் அடைபட்டு அந்த உயிரணு செத்துவிடும். நல்ல பிரதி ஒன்று மிச்சமிருக்கும் மற்ற உயிரணுக்கள் ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருக்கும். 2005-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதைக் காட்டின. 2014-இல் ஒலாபரிப் என்ற மாத்திரை சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஆகவே எந்தப் பழுது என்று தெரிந்துகொள்வது வீண் ஆராய்ச்சி அல்ல. சிகிச்சையே அதனால் மாறுகிறது.

ஆனாலும் நான் இந்த வலைப்படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன் அல்ல. கோப்பு நடமாட்டப் பதிவேட்டைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரே அலுவலகத்தில் முக்கியமானவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிலர் பெயர் அதிகம் வருவதற்குக் காரணம், அவர் மேசைக்குப் பக்கத்தில் பதிவேடு இருக்கிறது என்பதுதான். புரதங்களிலும் இதே கதை. பி53 என்ற புரதத்தைப் பற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள். அதனால் அதற்குத் தெரிந்த தொடர்புகளும் ஏராளம், படத்தில் அது நடுநாயகமாக நிற்கிறது. யாரும் எட்டிப்பார்க்காத புரதம் ஓரத்தில் அனாதையாக நிற்கிறது. சோதனையில் ஒட்டிக்கொண்ட இரண்டு புரதங்கள் உடம்புக்குள் ஒருவரையொருவர் சந்திக்காமலே இருக்கவும் கூடும். ஒன்றாக டீ குடிப்பவர்கள் எல்லோரும் கூட்டுக் களவாணிகள் அல்லவே.

இன்னொரு சிக்கல், நம்மைப் போன்றவர்களை நேராகத் தொடுவது. மரபணுவைப் படித்துப் பார்த்தபின் ஆய்வகம் அதிலுள்ள மாற்றத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புப் போடுகிறது. ஒன்று என்றால் கவலையில்லை, ஐந்து என்றால் நிச்சயமாகப் பழுது. நடுவில் மூன்று என்றால், இது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். உலகில் இதுவரை படிக்கப்பட்ட மரபணுக்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆகவே அவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒரு மாற்றம் தீங்கற்றது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரிடம் இருப்பது அந்தப் பதிவேட்டிலேயே இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பு. "இந்திய மரபணு" திட்டத்தில் நம் நாட்டின் 10,000 பேருடைய முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம். நூற்று நாற்பது கோடிப் பேருக்குப் பத்தாயிரம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மூன்றாம் வகுப்பைத் தீர்ப்பதற்குத்தான் இப்போது கணினியை அதிகம் நம்புகிறார்கள். 2023-இல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம், மனிதப் புரதங்களில் ஓர் எழுத்து மாறுவதால் வரக்கூடிய 7.1 கோடி மாற்றங்களுக்கு முன்கணிப்பு போட்டு வெளியிட்டது. நூற்றுக்கு 57 தீங்கற்றதாக இருக்கலாம், 32 தீங்கானதாக இருக்கலாம், மிச்சம் சொல்ல முடியாது என்றது. இந்த வேலைக்கு அடித்தளமான ஆல்பாஃபோல்டுக்காகத்தான் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் 2015-இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த விதிகளில் கணினியின் கணிப்புக்குத் துணைச் சான்று என்ற இடம்தான் கொடுத்தார்கள். அது சரி என்பதே என் அபிப்பிராயம். எல்.டி.சி. எழுதிய குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஆணை ஆகாது. 2018-இல் வேறொரு குழு பிராக்கா 1-இன் முக்கியப் பகுதிகளில் ஏறக்குறைய 3,900 மாற்றங்களை ஒவ்வொன்றாக உயிரணுவில் செய்து, உயிரணு பிழைக்கிறதா சாகிறதா என்று பார்த்தது. அந்த மாதிரி வேலைக்கு எடை அதிகம்.

எடை அதிகமுள்ள இன்னொரு சான்றும் உண்டு. ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்களிடமெல்லாம் அந்த மாற்றம் இருக்கிறதா, முதுமைவரை நன்றாக இருந்தவர்களிடம் இல்லையா என்று பார்ப்பது. புரோக்கா செய்ததன் இன்றைய வடிவம். இதற்கு எந்தச் சூப்பர் கம்ப்யூட்டரும் தேவையில்லை. தேவைப்படுவது சித்தப்பாவும் பெரியம்மாவும் உண்மையைச் சொல்வது. நாம் "வயிற்று வலியால் போய்ச் சேர்ந்தார்" என்று சொன்னால் அந்த வரி அப்படியே கணினிக்குள்ளும் போகும்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்ததற்குக் காரணம் ஒரு கடிதம். எனக்கு வந்ததல்ல. பிரெஞ்சில் கடிதம் வந்தால், பென்ஷன் விஷயமாக இருந்தாலும் சரி, உயிரோடிருக்கிறார் என்ற சான்று கேட்டு வந்திருந்தாலும் சரி, அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டு வருவார்கள். அப்படி ஒருவர் வந்தார். எழுதுங்கள், ஆனால் யாரென்று தெரியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அண்ணன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து அங்கேயே தங்கிவிட்டவர், சில வருடங்களுக்கு முன் கணையப் புற்றுநோயால் காலமானார். அண்ணன் மகளுக்கு முப்பத்தெட்டு வயதில் மார்பகப் புற்றுநோய். அந்தப் பெண் எழுதிய கடிதம் அது. தமிழ் எழுதத் தெரியாது, சித்தப்பாவுக்கு என்று தொடங்கி இரண்டு பக்கம். எனக்குப் பிராக்கா 2-இல் பழுது இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு, அம்மாவைப் பரிசோதித்தார்கள், அவரிடம் இல்லை, அப்படியானால் அப்பா வழியில் வந்தது, நீங்களும் அத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆய்வக அறிக்கையின் நகலையும் வைத்திருந்தாள்.

அவர் முதலில் கேட்டது, "முசே, இதை அவ ஏன் எனக்கு எழுதணும்? அவ வியாதி அவளோட இருக்கட்டுமே" என்று.

சட்டம் அப்படி என்றேன். பிரான்சில் 2011-ஆம் வருடத்து உயிரியல் அறநெறிச் சட்டத்தின்படி, தடுக்கவோ சிகிச்சை செய்யவோ கூடிய தீவிரமான மரபணுப் பழுது ஒருவரிடம் தெரிந்தால், அது பாதிக்கக்கூடிய உறவினர்களுக்கு அவர் தெரிவித்தாக வேண்டும். தானே சொல்ல மனமில்லையென்றால் மருத்துவரிடம் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர் உறவினர்களுக்குக் கடிதம் போடுவார். அதில் நோயாளியின் பெயர் இருக்காது, நோயின் பெயரும் இருக்காது, குடும்பம் சம்பந்தமான ஒரு மருத்துவத் தகவல் உங்களுக்கும் பொருந்தலாம், மரபியல் ஆலோசனைக்குப் போங்கள் என்று மட்டும் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் சட்டம் எழுதுவதில் கெட்டிக்காரர்கள் என்று நான் அடிக்கடி சொல்வதை இங்கே மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, உயிரும் காப்பாற்றப்படுகிறது. அந்தப் பெண் பெயரை மறைக்காமல் கையெழுத்துப் போட்டே எழுதியிருக்கிறாள். அவளுடைய தைரியம் அது.

அவர் பேசப் பேசத்தான் மற்றது வெளியே வந்தது. அவருடைய அம்மா நாற்பத்தாறு வயதில் இறந்தவர். "வயிற்றுக் கட்டி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சினைப்பையாக இருந்திருக்கலாம், இப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை வருகிற தை மாதம் அவருடைய தங்கை மகனுக்கே கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருக்கிறது. கல்யாணம் முடிகிறவரை இந்தக் கடிதம் பீரோவில் இருக்கட்டும் என்றார்.

நான் மாட்டேன் என்றேன். மூன்று காரணம் சொன்னேன்.

மார்பகப் புற்றுநோய் என்பதால் அது பெண்கள் விஷயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தகப்பன் வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும். பிராக்கா 2 ஆண்களுக்கும் புராஸ்டேட்டிலும் கணையத்திலும், அபூர்வமாக மார்பிலும் புற்றுநோயைக் கொண்டுவரும். அவர் அண்ணனே அதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

அடுத்து, முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது பெண்கள் அல்ல, அவர்தான். எந்த மரபணுவில் எந்த எழுத்து என்று அறிக்கையிலேயே இருக்கிறது. ஆகவே தேடல் கிடையாது, மூன்றாம் வகுப்புக் குழப்பம் கிடையாது, அந்த ஓர் இடத்தைப் பார்த்து உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். அவரிடம் இல்லை என்று வந்தால் இரண்டு பெண்களுக்கும் அண்ணன் வழிப் பழுது இல்லை, அவர்களை ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட அழைத்துப்போக வேண்டாம், பேச்சு அதோடு முடிந்தது. அவரிடம் இருந்தால்தான் பெண்களுக்கு ஆளுக்குப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் இளவயதிலிருந்தே எம்.ஆர்.ஐ., மேமோகிராம் என்று கண்காணிக்க வழி உண்டு. பிள்ளை பெற்று முடித்தபின் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் சினைப்பையை எடுத்துவிடுவது பற்றி மருத்துவர் பேசுவார். நோய் வந்து முற்றிய பிறகு தெரிவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அண்ணன் மகளிடம் கேட்கட்டும்.

கடைசிக் காரணத்தைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மாப்பிள்ளை தங்கை மகன். பழுது அம்மாவிடமிருந்து வந்திருந்தால் தங்கைக்கும் பாதி வாய்ப்பு, அவள் மகனுக்குக் கால் வாய்ப்பு. மணப்பெண்ணுக்கும் கால் வாய்ப்பு. இருவரிடமும் இருந்து, பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதுற்ற பிரதியே போய்ச் சேர்ந்தால், அதற்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற கொடிய நோய் வரலாம். எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிடும், சிறு வயதிலேயே புற்றுநோய் வரும். கணக்குப் போட்டால் அறுபத்து நான்கில் ஒன்று. சிறிய எண்தான். ஆனால் இருவரில் ஒருவரிடம் பழுது இல்லையென்று தெரிந்துவிட்டால் அந்த எண் பூஜ்யமாகிவிடும். கல்யாணத்தைக் காப்பாற்றுவதற்காகக் கடிதத்தை மறைக்கிறேன் என்கிறார். அந்தக் கல்யாணத்துக்காகவே அதைத் திறக்க வேண்டும் என்கிறேன் நான். முறைப்பெண், முறைமாப்பிள்ளை கட்டுவதைக் குறை சொல்ல வரவில்லை. நம்மில் பாதிப்பேர் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய மனைவி தனியாக வந்தார்கள். கடிதம் அவர்கள் கையில் இருந்தது. "நீங்க வாசிங்க, நான் தமிழ்ல எழுதிக்கிறேன்" என்று ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இவரு முதல்ல குடுத்தா போதும்னுதானே சொல்றீங்க?" ஆமாம் என்றேன். அதை இரண்டு தடவை அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். இதை எழுதுகிற இன்றைய தேதிவரை அவர் போகவில்லை. ஆனால் தங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் படாத பாடுபட்டு இறந்ததைப் பார்த்தவர். அந்த வேதனையில்தான் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் உருவானது, 1954-இல். தங்கையின் நோயை மறைத்திருந்தால் யாருக்கு என்ன லாபம் வந்திருக்கும்? அங்கே பரம்பரைப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. நமக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வாரிசு அது, புற்றுநோய்க்கென்று மண்டல மையமும் அதில் உண்டு. பிரான்சில் மரபியல் ஆலோசனையும் பரிசோதனையும் அரசுக் காப்பீட்டிலேயே அடங்கிவிடுகிறது. இங்கே ஏழைக் குடும்பம் ஒன்று மரபணுப் பரிசோதனை என்றால் தனியார் ஆய்வகத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கும் என்ற நிலை மாற வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு ஐந்தாம் வகுப்பு என்று தெரிந்தபின் மற்றவர்களுக்குப் பார்ப்பது ஓர் இடத்தை மட்டும் பார்க்கிற சிறிய வேலை. அதையாவது அரசு மருத்துவமனைகள் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு முழுத்தாள் எடுத்து நடுவில் உங்கள் பெயரை எழுதுங்கள். மேலே அப்பா அம்மா, அவர்களுடன் பிறந்தவர்கள், அதற்கும் மேலே தாத்தா பாட்டிமார். அப்பா பக்கத்தையும் அம்மா பக்கத்தையும் கலக்காமல் தனித்தனியாகப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் எதனால் இறந்தார், எந்த வயதில் நோய் தெரிந்தது என்று எழுதுங்கள். எந்த உறுப்பு என்று தெரியாவிட்டால் வீட்டில் சொல்லிக்கொண்ட வார்த்தையையே எழுதுங்கள், "வயிற்றுக் கட்டி" என்பதும் ஒரு தகவல்தான். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாமல் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். இறந்த வருடம் ஞாபகமில்லாதவர்கள் எத்தா சிவீல் பதிவில் தேடிப் பார்க்கலாம். அதற்கு விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன்.

பிரான்சிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்து யார் வீட்டு பீரோவிலாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.